தூக்குவாளியில போன சொல்லு

பொய்யி சொல்லி எனக்கு என்ன தம்பி ஆவப்போவுது இந்த வயசுல? நீங்க ஐஸ் பிளாண்டு மெக்கானிக்கு, உங்களுக்கு மிசினத் தெரியும், கம்ப்ரசரத் தெரியும், மிசின் நின்னுட்டா சாளை மீனு ஒரு ராத்திரி தாங்காதுன்னும் தெரியும், எல்லாம் ஒத்துக்கிடுதேன். ஆனா அந்த வருசம் இதே மிசின் இதே மாரி நின்னுபோயி, உங்கள மாரி ஒரு ஆளு டவுன்லருந்து வந்து தலையச் சொறிஞ்சுக்கிட்டு நிக்கையில, நம்ம இன்னாசியார் பட்டினத்துக் கரையில எறங்குன அம்புட்டு மீனும் விடியுமட்டும் ஒண்ணுகூட கண்ணு மங்காம கெடந்துச்சுல்லா, அது எப்படின்னு கேட்டிய, ஐஸ்லாந்துப் பாசையிலன்னு சொன்னேன், சிரிச்சிய. சிரிங்க. காப்பி ஆறிரும், குடிச்சிக்கிட்டே சிரிங்க.

"ஐஸ்லாந்துல ஐஸ் இருக்கும் பாட்டி. பாசையில எப்படி இருக்கும்?"

அதத்தான சொல்ல வாரேன், குறுக்க பேசாதிய. உங்க மிசின் பெல்ட்டு வந்து சேர நாளைக்காவும்னு நீங்களே சொல்லியாச்சு, போட்டெல்லாம் பொழுது சாய கரை அணைஞ்சிரும், அதுவரைக்கும் நீங்களும் சும்மாதான் இருக்கப் போறிய, நானும் சும்மாதான் இருக்கப் போறேன்.

எனக்கு ஒத்த மவ, மெற்றில்டா. மீன் படிப்பு படிச்சா. மீன் திங்க எவளுக்கும் படிப்பு வேண்டாம், இவளுக்கு மட்டும் வேண்டியிருந்துச்சு, படிச்சு முடிச்சு ஐஸ்லாந்துல ஒரு மீன் கம்பெனியில, மீன் நல்லதா கெட்டதான்னு பாத்துச் சொல்லுத வேலைக்குப் போனா. நான் செவுளத் தூக்கிப் பாத்துச் சொல்லுதத அவ கண்ணாடிக் குழாயில ஊத்திப் பாத்துச் சொல்லுவா, அம்புட்டுதான் வித்தியாசம். அங்கனயே ஒரு கடல்காரன், பியார்க்கின்னு பேரு, தென்னமரம் ஒசரம், அவனையே கட்டிக்கிட்டா. கலியாணம் நம்ம கோயில்லதான் நடந்துச்சு. மாப்ள வேட்டிக்கு மேல பெல்ட்டு போட்டு, பெல்ட்டுக்கு மேல இன்னொரு பெல்ட்டு போட்டு, அப்படியும் பீடத்துக்கிட்ட போகையில... சரி விடுங்க, அது வேற கத, அதச் சொன்னா நீங்க பெல்ட்ட மறந்துருவிய.

பெறவு அவ முழுகாம இருந்தா. தலப்பிரசவம் தாய்வீட்டுலதான? ஆனா டாக்டரு பிளேன்ல ஏறப்புடாதுன்னுட்டாவ. அவ வரமுடியாதுன்னா நான் போகணும். மாப்ளயோ அந்த மாசம் கடல்ல. பக்கத்துல இருக்கப்போறது நானும், மாப்ளயோட அம்மாவும், எஞ்சம்மந்தி, சோல்வெய்னு பேரு. அவியளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவிய பாசை தெரியாது, நடுவுல எம்மவ வயித்த வலிச்சிக்கிட்டு கெடக்கணும்.

"ஏட்டி, சம்மந்திக்கு இங்கிலீசு தெரியும்லா?"ன்னு கேட்டேன்.

"அவங்களுக்குத் தெரியும்மா. ஒனக்குத் தெரியாதே. எப்படியும் ஒண்ணு படிக்கணும்னா அவங்க பாசையவே படிச்சிரேன்."

நாயம்தான? படிக்க ஆரம்பிச்சேன். செல்போன்ல ஒரு பச்சக் கிளி மாரி ஒண்ணு வந்து கத்தும், அது கத்துனத நான் கத்தணும், சாயங்காலம் மவ கூப்பிட்டு திருத்துவா. அந்தப் பாசையக் கேட்டியன்னா ஆச்சரியப்படுவிய தம்பி. நம்மள்ல உசுரில்லாதது எல்லாம் 'அது'தான? அங்க அப்படி இல்ல. நாற்காலி ஆம்பள. கரண்டி பொம்பள. மேச ரெண்டும் இல்ல. நாற்காலி ஆம்பளங்கதுல எனக்கு ஒரு சந்தேகமும் வரல, ஒரு மூலையில நாளெல்லாம் சும்மா நிக்கும், நாமதான் இழுத்துப் போடணும். 'நீங்க'ன்னு மரியாதச் சொல்லு இப்ப அங்க பொழக்கத்துல இல்லியாம், நாட்டுக்குத் தலைவரா இருந்தாலும் பேரச் சொல்லித்தான் கூப்பிடுவாவளாம். நம்மள்ல பர்னாந்து, மொறாயிஸ்னு குடும்பப் பேரு வருதுல்லா, அங்க முக்காவாசிப் பேருக்கு அதுவும் கெடையாது, அப்பன் பேருக்குப் பின்னால 'மவன்', 'மவ'ன்னு ஒட்டிட்டா சோலி முடிஞ்சுது. 'தயவுசெய்து'க்கு ஒத்தச் சொல்லு கெடையவே கெடையாது. எம்மவ அதச் சொல்லையில, "என்ன முரட்டு சனமா இருப்பாவளோ"ன்னு பயந்தேன். அவ சிரிச்சா. "நீ என்னைக்கும்மா தயவுசெய்துன்னு சொன்ன? 'தாயேன்', 'வாயேன்'னு கடைசியில ஒரு இழுவ இழுக்க, அந்த இழுவையிலதான நம்ம தயவெல்லாம் இருக்கு. அவங்களும் வேற எங்கயாவது வச்சிருப்பாங்க."

அப்ப ஒரு நாள் காலையில, ஏலக்கூடத்துல நெத்திலியக் குமிச்சுப் போட்டு பொறக்கிக்கிட்டே, வாய்க்குள்ள படிச்சிக்கிட்டிருந்தேன். தண்ணிக்கு அவிய 'வாத்ன்'ம்பாவ. "வாத்ன்"னேன். வாயிலருந்து கோலிக்குண்டு கணக்கா ஒரு ஐஸு வந்து கூடையில விழுந்துச்சு. பக்கத்துல இருந்த பிச்சம்மா, "சம்மனசக்கா, ஐஸ் விழுந்துட்டு"ன்னு சொல்லி, அத எடுத்து அவ நெத்திலி மேல வச்சிட்டு வேலையப் பாத்தா.

"யாரும் பயப்படலயா?"

என்னத்துக்குப் பயப்படணும்? மீன்காரிக்கு ஐஸு கெடைச்சா பயமா வரும்? மறுநாளே எம்முன்னால மீனு பெட்டி பெட்டியா வந்து நின்னுச்சு. நன்றிக்கு 'தாஹ்க்'ம்பாவ, அதச் சொன்னா ஆலங்கட்டியா கொட்டும், நண்டுக்கு நல்லது. பனிக்கு ஒரு சொல்லு உண்டு, அது மாவு மாரி விழும், இறாலுக்கு அதத்தான் கேப்பாளுவ. ஆம்பளச் சொல்லு பாளமா விழும், பொம்பளச் சொல்லு பொடியா விழும், ரெண்டும் இல்லாதது கோலிக்குண்டு மாரி உருளும். எலக்கணம் என்னைய விட இவளுவளுக்கு நல்லா வந்துட்டு. "யக்கா, வாளைக்குப் பொடி ஆவாது, ஒரு ஆம்பளயாச் சொல்லுங்க"ம்பாளுவ. டீக்கட சேவியரு சர்பத்துக்குன்னு ஒரு தம்ளர நீட்டிக்கிட்டு வந்து நின்னான். கோயில் கமிட்டியில இது அற்புதமா இல்லையான்னு ஒரு கூட்டம் போட்டாவ, கூட்டத்துல வெக்கை தாங்காம என்னையவே கூப்பிட்டு ரெண்டு சொல்லு சொல்லச் சொன்னாவ, சொன்னேன், எல்லாரும் குளுந்துபோயி, முடிவு எடுக்காமலே எந்திரிச்சுப் போயிட்டாவ. ஊருல ஆளாளுக்கு அந்தப் பாசையச் சொல்லிப் பாத்தாவ. சாமியாரும் கதவச் சாத்திட்டு சொல்லிப் பாத்தாருன்னு கேள்வி. ஒருத்தருக்கும் வரல. என் வாயிலதான் வந்துச்சு. ஏன்னு என்னையக் கேக்காதிய, சிப்பிக்குள்ள முத்து ஏன் ஒண்ணுல இருக்கு ஒண்ணுல இல்லன்னு சிப்பியவா கேக்கிய?

ஆனா ஒரு கேடு இருந்துச்சு. ஐஸு உருகுச்சுன்னா சொல்லு போயிரும். நெசம்மா. மத்தியானம் ஐஸு தண்ணியா ஓடுனதும், காலையில சொன்ன சொல்லு என் தலையில இருக்காது, கழுவி விட்ட மாரி இருக்கும். சாயங்காலம் எம்மவ, "அம்மா, தண்ணிக்கு என்ன?"ம்பா. நான் முழிப்பேன். "நேத்துத்தானம்மா சொல்லிக் குடுத்தேன்!"னு அழமாட்டாத கொறையா கத்துவா. வயித்துப் பிள்ளக்காரி, கத்தலாமா? அதனால சொல்லிப்போட்டேன், "ஏட்டி, இங்கன மீனுக்கு வேண்டியிருந்துச்சு." கடக்கரையில பொறந்தவதான, "மீன் கெடலியே?"ன்னு கேட்டா. பெறவு, "ஆனா எனக்கு வலி வரும்போது ஒனக்கு வார்த்த வேணும்மா"ன்னா.

சம்மந்தி கூட வீடியோவுல பேசுன கூத்தச் சொல்லணுமே! நான் பாத்தவுடனே என்ன கேப்பேன், சாப்பிட்டாச்சான்னுதான கேப்பேன்? அத அவிய பாசையில படிச்சு வச்சிருந்தேன், 'எர்த்து பூயின் அத் போர்தா'. ஒவ்வொரு தடவையும் கேட்டேன். அவியளுக்கு அது வணக்கம் மாரின்னு தெரியல. கெழவிக்குப் பசி போலன்னு நெனச்சிட்டாவ. ஒரு பார்சல் வந்துச்சு பாருங்க, பிரிச்சா கருவாடு! உப்பே போடாத, பலகை மாரி கருவாடு. கருவாட்டு ஊருக்கே கருவாடு அனுப்பிட்டாவ.

நான் செஞ்சது என்ன கொறச்சலா? சோல்வெய் பேச்சுல 'ஆமா' வந்தா அத வெளிய விடமாட்டாவ, மூச்ச உள்ள இழுத்து, "யௌ!"ம்பாவ. பாவி மனுசிக்கு இழுப்பு நோவு இருக்கு, மவன் கடல்ல, பாக்க ஆளில்லன்னு, தூதுவளைப் பொடியும் சுக்கும் அரைச்சு ஒரு பெரிய பார்சல் போட்டு விட்டேன். எம்மவ போன்ல சிரிச்ச சிரிப்புல பிள்ள அன்னைக்கே பொறந்திருக்கும். "அம்மா, அது நோவு இல்ல. இந்த ஊர்ல நெறயப் பேரு ஆமான்னு சொல்லும்போது மூச்ச உள்ளதான் இழுப்பாங்க." நானும் இழுத்துப் பாத்தேன், "யௌ." ஐஸு விழல. நெஞ்சுக்குள்ள சில்லுன்னு எறங்கி, அங்கனயே தங்கிட்டு. அந்த ஒரு சொல்லு மட்டும் எனக்கு மறக்கவே இல்ல, ஏன்னா அது வெளிய போகவே இல்லல்லா.

பயணத்துக்கு முந்துன நாளு. பெட்டி கட்டியாச்சு. தலைக்குள்ள வார்த்தையும் கட்டி வச்சாச்சு. ஒரு வாரமா கரைப்பக்கமே போவல, வாயத் தொறக்கல, கேட்டவளுவட்ட தலைய மட்டும் ஆட்டுனேன். எனக்கு வாயத் தொறக்காம இருக்கது எம்புட்டுக் கஷ்டம்னு உங்களுக்கே இப்பத் தெரிஞ்சிருக்கும். எங்கே, எவ்வளவு, வலி, தண்ணி, கொழந்த, மெதுவா, சீக்கிரம், எல்லாம் உள்ள இருந்துச்சு. எல்லாத்துலயும் பெரிய சொல்லு ஒண்ணு, 'ல்யோஸ்மோதிர்'. பேறு பாக்குத மருத்துவச்சிக்கு அவிய வச்ச பேரு. வெளிச்சத்தாய்னு அர்த்தமாம். மார்கழியில பகல் பதினொரு மணிக்கு விடியுத ஊருல வேற என்ன பேரு வைப்பாவ? அத நான் நெஞ்சோட சேத்து வச்சிருந்தேன்.

அன்னைக்குப் பாத்து சாளை கடலோட பெரண்டு வந்துச்சு. போட்டு பூரா வெள்ளி. அன்னைக்குப் பாத்து இந்த மிசின் நின்னுச்சு. பொழுது சாய என் வீட்டு வாசல்ல பெட்டி, பெட்டிக்குப் பின்னால பெட்டி, தெரு முடிஞ்சு கோயில் வரைக்கும். ஒருத்தியும் ஒண்ணும் கேக்கல. "நீங்க ஊருக்குப் போறிய, ஒங்களப் பாத்துட்டுப் போவலாம்னு வந்தோம்"ன்னு சொல்லிக்கிட்டு, பெட்டியோட நிக்காளுவ. ரெண்டு மாசமா காத்தும் மழையும்னு வலையில சரியா மீன் விழாம கெடந்துட்டு, அன்னைக்குத்தான் நெறஞ்ச பெட்டியப் பாத்த முகங்க. நான் என்ன செய்ய? வாயத் தொறந்தேன்.

'எங்கே' போச்சு. 'எவ்வளவு' போச்சு. தண்ணி, கொழந்த, மெதுவா, சீக்கிரம், ஒவ்வொண்ணா பாளமும் பொடியும் குண்டுமா விழுந்துச்சு, சாளைக்கு மேல மினுங்குச்சு. 'வலி' போகையில உதட்டக் கீறிட்டுத்தான் போச்சு. கடைசியா நிமுந்து பாத்தா, தெரு காலி, ஒரே ஒருத்தி பாக்கி. தெக்லா.

அவளுக்கும் எனக்கும் பேச்சு கெடையாது. ஒரு திருக்கை மீன் ஏலத்துல எம்மூக்குல ஈ உக்காந்துச்சு, தலைய ஆட்டுனேன், ஏலக்காரன் எனக்குன்னு முடிச்சிட்டான். அது தெக்லா கண்ணு வச்சிருந்த திருக்கை. ஈ மேல சத்தியம் பண்ணுனேன், நம்பல. அன்னையிலருந்து அவ என் தெருவுல நடந்தா மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நடப்பா. அன்னைக்கும் முதுகக் காட்டிக்கிட்டுத்தான் நின்னா, ஆனா பெட்டி என் பக்கம் பாத்து இருந்துச்சு.

"நான் கேக்க மாட்டேன்"ன்னா.

"நீ ஏன்டி கேக்கணும்"ன்னேன். சொன்னேன். "ல்யோஸ்மோதிர்."

பொம்பளச் சொல்லுதான், ஆனா பொடியாவல, தேங்கா அளவுக்கு உருண்டையா விழுந்துச்சு தம்பி, உள்ள ஒரு விளக்கக் கொளுத்தி வச்ச மாரி வெளிச்சம். தெக்லா திரும்புனா, அந்த வெளிச்சத்துல முகமெல்லாம் வெள்ளையா ஆயிட்டு. அவ அதப் பாத்தா, என்னையப் பாத்தா, பெட்டிக்குள்ள வச்சுத் தூக்கிட்டுப் போயிட்டா.

விடியக்கருக்கல்ல கார் வந்துட்டு, ஏறப்போறேன், ஓடி வாரா, கையில தூக்குவாளி. தொறந்தா, மரத்தூளு. மரத்தூளுக்குள்ள அந்த உருண்ட, ஒரு பொட்டுகூட கரையாம.

"ஒஞ்சாளைக்கு என்னடி பண்ணுன?"

"உப்புல போட்டேன். கருவாடு போட எனக்குத் தெரியாதா? ஒம்மவளுக்குக் கொண்டு போ. மூக்குல ஈ உக்காந்தா அங்கயும் ஆட்டி வைக்காத." அம்புட்டுதான் சொன்னா.

ஏர்போர்ட்டுல செக்கிங் தம்பி வாளியத் தொறந்து, "அம்மா, தண்ணி கொண்டு போகக்கூடாது"ன்னாரு. "தண்ணியா இது? தொட்டுப் பாருங்க, கட்டி"ன்னேன். தொட்டாரு, விரலு ஒட்டிக்கிட்டு, அவசரமா எடுத்துட்டு போகச் சொல்லிட்டாரு. மேகத்துக்கு மேல அது கொஞ்சம் கொஞ்சமா இளைச்சுது. கொய்யாக்கா அளவுக்கு ஆச்சு, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஆச்சு, அதுக்குத் தக்க அந்தச் சொல்லும் என் தலையில மங்கிட்டே வந்துச்சு. நான் மடியில வச்சு மாதாவக் கூப்பிட்டுக்கிட்டே போனேன்.

எறங்குனா ஒரே இருட்டு, பனி, அதுக்கு நடுவுல சோல்வெய், செவப்புத் தொப்பியோட. என்னையப் பாத்து நீளமா ஒண்ணு கேட்டாவ. எனக்குள்ள மிச்சம் இருந்தது ஒண்ணுதான? மூச்ச இழுத்து, "யௌ!"ன்னேன். அவியளும் இழுத்து, "யௌ!"ன்னாவ. ரெண்டு பேரும் நடுரோட்டுல நின்னு மாறி மாறி இழுத்துக்கிட்டு, கட்டிப் பிடிச்சிக்கிட்டோம்.

காருக்கிட்ட போனா கதவு பனியில இறுகிப்போயி தொறக்கல. குளுரு எலும்பக் கடிக்கு. எனக்கு ஆத்திரம் வந்துட்டு, நம்ம பாசையில, "ஏ மூதேவி, தொறயேன்!"ன்னேன். ஆவி பறந்துச்சு, பனி வழிஞ்சு ஓடுச்சு, கதவு தொறந்துகிட்டு. சோல்வெய் ஆச்சரியப்பட்டாவளா? எம்பக்கம் திரும்பி, முன் கண்ணாடியக் கைகாட்டுனாவ, அங்கயும் கொஞ்சம் பேசுன்னு! பெறவு அந்தத் தெருவுல காலையில வேலைக்குப் போற சனம்லாம் என்னையக் கூப்பிட்டு காருக்கு முன்னால நிப்பாட்டுவாவ. நான் திருக்கை கதையச் சொல்லுவேன், ஈ வந்து உக்காருததுக்குள்ள வண்டி கெளம்பிரும்.

"மவ என்ன ஆனாவ பாட்டி?"

வாரேன் வாரேன். இப்பச் சிரிக்கக் காணும் உங்கள!

வலி வந்துட்டு. அதுவரைக்கும் வாசப் பனியில பொதச்சு வச்சிருந்த வாளியையும் எடுத்துக்கிட்டு ஆசுபத்திரிக்குப் போனோம். சோல்வெய் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வெளிச்சத்தாயி வந்து பாத்துட்டு, இன்னும் நேரம் இருக்குன்னுட்டு அடுத்த ரூமுக்குப் போயிட்டாவ, ஒரு சின்ன நர்சு மட்டும் நின்னுச்சு. அப்பத்தான் மெற்றிக்கு ஒரு வலி வந்துச்சு பாருங்க, அந்த வலியில அஞ்சு வருசமா அவ வாயில இருந்த ஐஸ்லாந்துப் பாசையும் போச்சு, இங்கிலீசும் போச்சு. தமிழ் மட்டும்தான் நின்னுச்சு. "அம்மா, பிள்ள அசையல! அப்பலருந்து அசையலம்மா! சொல்லும்மா இவங்ககிட்ட!"

யாருட்டச் சொல்ல? எதச் சொல்ல? எல்லாத்தையும் சாளைக்குக் குடுத்துட்டு வந்து நிக்கேன். கைய ஆட்டுனேன், வயித்தக் காட்டுனேன், அலறுனேன். கெழவி பயந்துட்டான்னு நர்சும் சம்மந்தியும் என்னையப் பிடிச்சு நாற்காலியில உக்கார வச்சு தண்ணி குடுக்குதாவ. அந்தத் தண்ணியப் பாத்தவுடனே வாளி ஞாபகம் வந்துச்சு.

பாஞ்சு போயி தொறந்தேன். மரத்தூளுக்குள்ள புளியங்கொட்ட அளவுக்குக் கெடந்துச்சு, வெளிச்சம் மட்டும் கொறையல. ஊதிவிட்டு எம்மவ நாக்குல வச்சேன். "முழுங்காத, கரையட்டும்." அவ கண்ணு அகலமாச்சு. வாயிக்குள்ளருந்து கன்னம் வழியா வெளிச்சம் தெரிஞ்சுது தம்பி.

"ல்யோஸ்மோதிர்!"

அந்த ஆசுபத்திரி பூரா அதிர்ந்துச்சு. வெளிச்சத்தாயி ஓடி வாராவ, அந்த ஒரு சொல்லு போன வழியிலயே மத்த சொல்லெல்லாம் வலையில மீன் ஏறுத மாரி திரும்பி வந்துட்டு, எம்மவ அவிய பாசையில கடகடன்னு சொல்லுதா, அவிய வயித்துல காத வச்சிக் கேட்டாவ, மூஞ்சி மாறிட்டு, ஒடனே கதவு தொறக்கு, ஆளு ஓடுது. தொப்புள்கொடி கழுத்தச் சுத்திக் கெடந்திருக்கு. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா... பிந்தல. பிந்தல தம்பி. பிள்ள நீலமா வந்துச்சு, செவந்துச்சு, அழுதுச்சு. அழுகை எந்தப் பாசையும் இல்ல, எனக்கும் சம்மந்திக்கும் ஒண்ணுபோல வெளங்குச்சு. ரெண்டு பேரும் மூச்ச உள்ள இழுத்தோம்.

அந்தப் பிள்ளதான் இந்தா, உங்க ஸ்பானர எடுத்துக்கிட்டு ஓடுது பாருங்க. அப்பன் பேருக்குப் பின்னால 'மவ'ன்னு ஒட்டி ஒரு பேரு, எங்கூட்டுப் பேரு முன்னால ஒண்ணு, ரெண்டுக்கும் திரும்பிப் பாப்பா. உள்ள பால் ஊத்தாத காப்பி குடிச்சிக்கிட்டு இருக்காவளே, வெள்ளக்கார அம்மா யாருன்னு கேட்டிய, அதான் சோல்வெய். கிறிஸ்மசுக்கு மெற்றியோட வந்தாவ, போகமாட்டேங்காவ. தெக்லா கூட ஏலத்துக்குப் போறாவ.

என்ன, போட்டுச் சத்தம் கேக்கா? ஆமா, அணைஞ்சாச்சு. சாளைதான், வாட பாருங்க. உங்க மிசினு தூங்கட்டும், நீங்க பதறாதிய. அன்னைக்கு எங்கிட்ட ஒரு மடிதான் சொல்லு இருந்துச்சு, இப்ப சொல்லுக் கடலே என் வீட்டுக்குள்ள உக்காந்திருக்கு. நான் ஒண்ணச் சொல்லி மறக்க மறக்க சோல்வெய் அடுத்தத எடுத்துக் குடுப்பாவ, விடிய விடிய குடுப்பாவ. அந்த ஒரு சொல்ல மட்டும் கேக்காதிய, அது எங்கிட்ட இல்ல, எம்மவ நாக்குல இருக்கு, அங்கனயே இருக்கட்டும்.

அந்தக் காப்பித் தம்ளரத் தூக்குங்க, காலத் தள்ளி வைங்க, எடம் வேணும். சோல்வெய்! வாங்க, பக்கத்துல உக்காருங்க! மெற்றி, நாற்காலிய எல்லாம் இழுத்து ஓரமாப் போடு! ஏட்டி தெக்லா, இன்னும் வாசல்ல முதுகக் காட்டிக்கிட்டா நிக்க? மொதப் பெட்டிய உள்ள கொண்டாயேன்!